கை கால் விழுந்தவர் மறுபடி எழுந்து நிற்க: சிட்னி நகரத்து இரண்டு ஆசிரியைகள் கற்றுத் தந்தது



குழுக்களின் தீர்மான நோட்டுகளைப் பார்க்கும்போது ஒரு காரணம் அடிக்கடி கண்ணில் படுகிறது. "கணவருக்கு வாதம், மருத்துவச் செலவுக்கு உள்கடன்." "மாமியாருக்குப் பக்கவாதம், உள்கடன்." கடனையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடலாம். அந்த உறுப்பினர் வேலைக்குப் போவதே நின்று போகிறது, அதுதான் பெரிய அடி. கூட்டத்துக்கும் வருவதில்லை. கேட்டால், "அவர ஒத்தையில விட்டுட்டு எப்படிங்க வர்றது?" என்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அவர் கட்டிலில் படுத்திருப்பார். பல் துலக்கி விடுவது, சோறு ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாமே வீட்டம்மாதான். ஆறு மாதமாக அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். "இனிமே அவ்வளவுதான், எங்க தலையெழுத்து" என்பார்கள்.

அவ்வளவுதானா? இந்தக் கேள்வியைத் தங்கள் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட இரண்டு பெண்களைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறோம். ஜேனட் கார், ராபெர்ட்டா ஷெப்பர்டு என்று பெயர். இருவரும் ஆஸ்திரேலியா நாட்டின் சிட்னி நகரத்தில் பிசியோதெரபி, அதாவது இயன்முறை சிகிச்சை, சொல்லிக்கொடுத்த ஆசிரியைகள். கம்பர்லாந்து சுகாதார அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்தினார்கள். பிறகு அந்தக் கல்லூரி சிட்னி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இருவரும் சேர்ந்தே ஆராய்ச்சி செய்தார்கள், சேர்ந்தே புத்தகம் எழுதினார்கள். ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் பெயரும் கூடவே வரும். உலகமெங்கும் பிசியோதெரபி மாணவர்கள் "கார், ஷெப்பர்டு" என்று ஒரே மூச்சில் சொல்கிற அளவுக்கு அந்தக் கூட்டு நிலைத்தது.

பக்கவாதத்தில் என்ன நடக்கிறது?

அவர்கள் வேலையைப் புரிந்துகொள்ள நோயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். "கை கால் விழுந்துடுச்சு" என்று நாம் சொன்னாலும் கையிலோ காலிலோ நோய் இல்லை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்து ரத்தம் கசிகிறது. பெரும்பாலும் அடைப்புதான். ரத்தம் போகாத இடத்தில் மூளையின் செல்கள் செத்துவிடுகின்றன. மூளையின் இடது பக்கம் உடம்பின் வலது பக்கத்தை ஆளுகிறது, வலது பக்கம் இடது பக்கத்தை ஆளுகிறது. அதனால்தான் உடம்பில் ஒரு பக்கம் மட்டும் விழுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையைத் தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் உடனே 108க்குப் போன் செய்யுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். புறா ரத்தம் தடவுவது, மந்திரிப்பது என்று கழிகிற ஒவ்வொரு மணி நேரமும் அந்த நாலரையில் இருந்துதான் கழிகிறது.

சரி, உயிர் பிழைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஜேனட்டும் ராபெர்ட்டாவும் கேட்ட கேள்வி வருகிறது. செத்த செல் திரும்ப வராது. ஆனால் பக்கத்தில் உயிரோடு இருக்கிற மூளைப் பகுதி அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ள முடியும். எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கையைப் பிடித்து எழுத வைத்தால் கையெழுத்து வருமா?

அவர்களுக்கு முன்னால் இருந்த முறைகளில் சிகிச்சை செய்பவரின் கைதான் முக்கியம். அவற்றில் பெயர் பெற்றது லண்டனில் பெர்ட்டா போபாத் என்ற பெண்மணியும் அவர் கணவரும் உருவாக்கிய முறை. விழுந்த கை கால் பிறகு விறைத்துக்கொள்ளும் அல்லவா? அந்த விறைப்பைத் தளர்த்தி, நோயாளியின் உடம்பைச் சிகிச்சையாளர் பிடித்து, சரியான விதத்தில் அசைத்துக் காட்டுவார். பக்கவாதம் வந்தவர்களை மூலையில் கிடத்திவிடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், இவர்களுக்கும் சிகிச்சை உண்டு என்று காட்டியவர் பெர்ட்டா. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முறையைப் பின்பற்றிய பலர், நோயாளி பலம் கொடுத்துப் பயிற்சி செய்தால் விறைப்பு கூடிவிடும் என்று பயந்தார்கள். அதனால் அவரை அதிகம் முயற்சி செய்ய விடுவதில்லை.

ஜேனட்டும் ராபெர்ட்டாவும் இதை வேறு மாதிரிப் பார்த்தார்கள். மனிதர்கள் எதையும் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று விளையாட்டுத் துறையிலும் உளவியலிலும் வந்த ஆராய்ச்சிகளைப் படித்தார்கள். செய்து செய்து பார்த்து, தப்புப் பண்ணி, திருத்தித்தான் எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு மட்டும் ஏன் வேறு வழி?

நம்மில் பலருக்கு இது புதிய செய்தியே அல்ல. குழுவில் சேர்ந்த புதிதில் கைநாட்டு வைத்தவர்கள் எத்தனை பேர்! ஊக்குநர் கையைப் பிடித்து எழுத வைத்த அன்று எழுத்து அழகாகத்தான் வந்தது. கையை விட்டதும் கோணல். பிறகு பழைய நோட்டில் நீங்களே இருபது முறை, ஐம்பது முறை போட்டுப் பார்த்தீர்கள். பாஸ்புக்கில் கையெழுத்து வந்தது. பிடித்து எழுத வைத்த கையால் வரவில்லை, நீங்களாகப் போட்ட ஐம்பது முறையால் வந்தது. அந்த இரண்டு ஆசிரியைகள் ஆஸ்பத்திரிக்குள் கொண்டு வந்த மாற்றமும் இதுதான்.

1982இல் பக்கவாதத்துக்குப் பிறகு அசைவுகளை மறுபடி கற்றுக்கொள்வது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதில் ஏழு பாடங்கள். கையைப் பயன்படுத்துவது, வாயும் முகமும், படுக்கையில் இருந்து எழுந்து உட்காருவது, விழாமல் உட்கார்ந்திருப்பது, எழுந்து நிற்பதும் உட்காருவதும், விழாமல் நிற்பது, நடப்பது. எல்லாமே வீட்டில் தினமும் செய்கிற வேலை என்பதைக் கவனியுங்கள். காலைச் சும்மா மேலே கீழே ஆட்டுவது அந்தப் பட்டியலில் இல்லை. எந்த வேலை வர வேண்டுமோ அந்த வேலையைத்தான் பழக வேண்டும் என்றார்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு படிகள் வைத்தார்கள். முதலில், அந்த வேலையை இவர் எப்படிச் செய்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்க வேண்டும். பிறகு, வராத அந்தப் பகுதியை மட்டும் பழக்க வேண்டும். மூன்றாவது, முழு வேலையையும் பழக்க வேண்டும். நான்காவதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. பயிற்சி அறையில் வந்தது வீட்டிலும் வர வேண்டும், அதற்காக மீதி நேரத்தை எப்படிக் கழிக்கிறார், வீட்டார் என்ன செய்கிறார்கள் என்பதையும் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

எழுந்து நிற்பது: ஒரு பாடம் முழுசாக

ஏழில் ஒன்றை விரிவாகச் சொல்கிறோம். வீட்டுப் பெண்களின் இடுப்பு ஒடிவது இந்த இடத்தில்தான்.

இப்போது நீங்களே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாக எழுந்து பாருங்கள். முதலில் என்ன செய்கிறீர்கள்? உங்களுக்கே தெரியாமல் பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொள்கிறீர்கள், முட்டியைவிடக் கொஞ்சம் பின்னால். பிறகு இடுப்பில் இருந்து முன்னால் சாய்கிறீர்கள், தலை பாதத்துக்கு நேராக முன்னே வருகிறது. அதன் பிறகுதான் உட்காருமிடத்தில் இருந்து உடம்பு மேலே கிளம்புகிறது. காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பாருங்கள். நல்ல உடம்புக்கே முடியாது. பாதத்தை எங்கே வைத்தால் எழுவது எளிதாகிறது என்று ராபெர்ட்டாவும் அவருடன் இருந்தவர்களும் கருவிகள் வைத்து அளந்தே பார்த்தார்கள்.

பக்கவாதம் வந்தவர் என்ன செய்கிறார்? விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பின்னால் சாய்கிறார். கால் முன்னால் நீண்டு கிடக்கிறது. நல்ல கையால் எதையாவது பிடித்து இழுக்கிறார். பாரம் முழுவதும் நல்ல காலில். நாம் என்ன செய்கிறோம்? பதறிப்போய் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குகிறோம், அல்லது விழுந்த கையைப் பிடித்து இழுக்கிறோம். அந்தத் தோளில் பிடிப்பு இல்லாததால் மூட்டு இறங்கி, வலி பிடித்துக்கொள்ளும். அந்த வலி வந்த பிறகு கையைத் தொடவே விடமாட்டார்கள்.

ஜேனட், ராபெர்ட்டா சொன்ன முறையில் முதலில் உட்காரும் இடத்தை உயரமாக்க வேண்டும். உயரமான இடத்தில் இருந்து எழுவதற்குப் பலம் குறைவாகப் போதும். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். விழுந்த பக்கத்துப் பாதத்தைப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும், நல்ல பாதம் கொஞ்சம் முன்னால் இருக்கலாம். அப்போதுதான் பாரம் விழுந்த காலுக்குப் போகும். பிறகு முன்னால் சாய்ந்து எழ வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்கலாம், முட்டி மடங்காமல் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் எழுவது அவராக இருக்க வேண்டும். வரவர இருக்கையின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். காலுக்குப் பலம் வருவதும் எழப் பழகுவதும் ஒரே பயிற்சியில் நடக்கிறது.

முதல் தடவை இதைப் பிசியோதெரபிஸ்ட் முன்னால்தான் செய்ய வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கு, தலை சுற்றுகிறவருக்கு, நெஞ்சு வலி உள்ளவருக்கு வீட்டில் நாமாக ஆரம்பிக்கவே கூடாது.

மிட்டாயை எடுத்துப் போடுகிற பரீட்சை

ஆசிரியைகள் அல்லவா, பரீட்சையும் வைத்தார்கள். ஒருவர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்க 1985இல் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வேலைக்கும் பூஜ்யம் முதல் 6 வரை மார்க். எழுந்து நிற்பதில், சிகிச்சையாளர் உதவியோடு எழுந்தால் 1. பத்து விநாடியில் மூன்று முறை யார் துணையும் இல்லாமல், இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு எழுந்து உட்கார்ந்தால் 6. கைக்கான பரீட்சையில், ஒரு கிண்ணத்தில் இருந்து ஒரே ஒரு ஜெல்லி மிட்டாயை எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட வேண்டும். பின்தலையில் சீப்பு போட்டு வார வேண்டும். கரண்டியில் தண்ணீர் எடுத்துச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். நம் வீட்டில் மிட்டாய்க்குப் பதில் புளியங்கொட்டை இருக்கிறது. "நல்லா ஆயிட்டாரா?" என்று கேட்டால் "பரவால்லைங்க" என்று சொல்வோமே, அதைவிட இந்த மார்க் எவ்வளவோ மேல். போன மாதம் 2, இந்த மாதம் 3 என்றால் அது கண்ணுக்குத் தெரிகிற வளர்ச்சி.

கை பற்றி இன்னொன்று. பந்தைக் கொடுத்து "அமுக்கிட்டே இரு" என்று சொல்லிவிடுவது நம் ஊரில் பெரிய வைத்தியமாக இருக்கிறது. அமுக்குவதில் விரல் மடங்குவது மட்டுமே பழகும். விறைத்த கை ஏற்கெனவே மடங்கித்தான் கிடக்கிறது. விரிக்க வருகிறதா, எட்டி எடுத்து விட வருகிறதா என்பதுதான் கேள்வி.

இந்த முறை உண்மையில் பலன் தந்ததா?

நார்வே நாட்டில் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். புதிதாகப் பக்கவாதம் வந்த 61 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஜேனட், ராபெர்ட்டா முறை, இன்னொரு பகுதியினருக்கு போபாத் முறை. இரண்டு பக்கத்திலும் முன்னேற்றம் இருந்தது. ஆனால் முதல் பகுதியினர் சராசரியாக 21 நாளில் வீடு திரும்பினார்கள், மற்றவர்கள் 34 நாளில். ஆனால் அதே நோயாளிகளை ஒரு வருடம், நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்குப் போனபின் பயிற்சி தொடராவிட்டால் எந்த முறையில் ஆரம்பித்தாலும் அதன் பலன் தேய்ந்துவிடும் என்றுதான் நாங்கள் இதைப் புரிந்துகொள்கிறோம்.

"ஒரு வருஷம் ஆயிடுச்சு, இனிமே என்னத்த" என்பவர்களுக்கு இன்னொரு ஆராய்ச்சி. ராபெர்ட்டாவும் கேத்தரின் டீன் என்பவரும் 1997இல் வெளியிட்டது. பக்கவாதம் வந்து குறைந்தது ஒரு வருடம் ஆன 20 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பயிற்சி பெற்றவர்கள், உட்கார்ந்தபடியே கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற பொருளை எட்டி எடுக்கப் பழகினார்கள். இரண்டே வாரம், பத்து வகுப்பு. முன்பைவிட அதிக தூரம், அதிக வேகமாக எட்டினார்கள். விழுந்த காலிலும் பாரம் போட்டார்கள். முதல் சில மாதங்களில் தேறுவது வேகமாக இருக்கும் என்பது உண்மைதான். அதற்காக ஒரு வருடத்தில் கதவு மூடிவிடுவதில்லை.

எவ்வளவு பயிற்சி போதும் என்றால், ஆஸ்பத்திரிகளிலேயே அது போதவில்லை. 2004இல் ஜூலி பெர்ன்ஹார்ட் என்ற இன்னொரு ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்டும் அவர் குழுவினரும், மெல்போர்ன் நகரத்துப் பக்கவாத வார்டுகளில் பகல் முழுவதும் நோயாளிகள் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து கணக்கெடுத்து வெளியிட்டார்கள். பாதி நேரத்துக்கு மேல் படுக்கையில். நூற்றுக்கு 60 பங்கு நேரம் தனியாக, பேச்சுத் துணைகூட இல்லாமல். அவ்வளவு வசதியான நாட்டிலேயே அப்படி. அதைப் பார்த்துவிட்டு, முதல் நாளே எழுப்பிவிடுவது நல்லது என்று அவசரப்படவும் கூடாது. அதே ஜூலி 2,104 நோயாளிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2015இல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடக்க வைத்தவர்கள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே தேறினார்கள். எப்போது எழுப்பலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுப் பெண்ணே சிகிச்சையாளர் ஆகிவிட முடியுமா?

இதுவரை படித்துவிட்டு, "சரி, நாமே எல்லாம் செஞ்சிடலாம்" என்று ஒரு சகோதரி நினைக்கலாம். வீட்டு வேலை, மாடு, பிள்ளைகள், கூலி வேலை, குழு, இதற்கு மேல் பிசியோதெரபியும் அவள் தலையிலா? இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது, 2017இல் முடிவு வந்தது. பாதிப் பேரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுச் சிகிச்சையைத் தொடரச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருப்பவர்களும் இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு 47. வித்தியாசமே இல்லை.

அந்தக் குடும்பங்கள் அக்கறையில் குறை வைத்தன என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஆள் பற்றாக்குறையை வீட்டுப் பெண்ணை வைத்துச் சரிக்கட்ட முடியாது என்றுதான் நாங்கள் இதைப் படிக்கிறோம். எங்கே தடுமாறுகிறார் என்று கண்டுபிடிப்பது படித்த ஆளின் வேலை. ஜேனட்டும் ராபெர்ட்டாவும் ஒரு முழு வாழ்க்கையை அதைச் சொல்லிக்கொடுக்கவே செலவழித்தார்கள். நம் பங்கு, அவர் சொல்லிக்கொடுத்ததை அன்றாடத்தில் விடாமல் செய்ய வைப்பது. அவரால் முடிகிறதை நாம் பிடுங்கிச் செய்யாமல் இருப்பதும் அதில் சேர்த்தி. தட்டை எட்டி எடுக்கட்டும். சட்டைப் பொத்தானைப் போட அரை மணி ஆனாலும் போடட்டும். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம். இதற்காக உங்களுக்குத் தனியாக நேரம் வேண்டியதில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் நேரம் மிச்சமாகும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் பொறுமை ஆபத்து. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, சாப்பிட்டதும் குரல் கரகரக்கிறது என்றால் அவராகச் சாப்பிடட்டும் என்று விடாதீர்கள். படுக்க வைத்து ஊட்டவும் கூடாது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை கொடுப்பதோடு, இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. அதில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களாகச் சேர்ந்தவர்கள் சுய உதவிக் குழுக்களில் இருந்து போன நம் சகோதரிகள்தான். ஆகவே யாரைக் கேட்பது என்று தயங்க வேண்டாம். உங்கள் ஊர்த் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, "பிசியோதெரபிஸ்ட் எங்க ஊருக்கு என்னைக்கு வருவாங்க?" என்று நேரடியாகக் கேளுங்கள். வருகிற அன்று மூன்று கேள்விகளைத் தயாராக வைத்திருங்கள். இப்போது எந்த வேலையைப் பழக்க வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை முறை? எதைச் செய்யக்கூடாது? பதிலைக் குழு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லலாம்.

ரத்த அழுத்த மாத்திரையை "இப்ப நல்லாத்தான இருக்கேன்" என்று நிறுத்துகிறவர்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். இரண்டாவது முறை வாதம் வருவது பெரும்பாலும் அப்படி நிறுத்திய வீட்டில்தான் என்று களத்தில் பார்க்கிறோம். குறைபாடு நிரந்தரமாகிவிட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

வருகிற மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் தெருவில் பக்கவாதம் வந்து வீட்டோடு இருப்பவர்கள் யார் யார், வந்து எத்தனை மாதம் ஆகிறது, தானாக எழுந்து நிற்கிறாரா, இதுவரை ஒருமுறையாவது பிசியோதெரபிஸ்ட் பார்த்திருக்கிறாரா என்று ஒரு தாளில் எழுதி, பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். குழுவில் இல்லாத வீடுகளையும் சேருங்கள். ஊர் வாரியாகப் பட்டியல் போட்டு, வட்டார மருத்துவ அலுவலரிடம் கூட்டமைப்பின் பெயரில் மனுவாகக் கொடுக்கப் போகிறோம்.